ஐப்பசி மழையும் எங்கள் வீட்டுத் தோட்டமும்

ஆங்கிலப் பாடநூலில் இலையுதிர் காலம் என்றால் அக்டோபர், நவம்பர் மாதங்கள். பழுத்த இலைகளைக் கூட்டிக் குவித்துவிட்டு, குளிர் வருமுன் தோட்ட வேலைகளை முடித்துக்கொள்வார்களாம். நம் திருநீர்மலையில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசி, கார்த்திகை நமக்கு மழைக்காலம். நம் முன்னோர் இதனைக் கூதிர் காலம் என்றனர். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் நமக்குக் கிடைக்கிறது. செடி வைப்பதற்கு இதைவிட நல்ல காலம் உண்டோ?

ஆனால் செடி வைக்க மண் இருக்க வேண்டுமே! எங்கள் வீட்டின் பின்புறம் 20 அடிக்கு 15 அடி மண் தரை இருக்கிறது. சென்ற ஆண்டு அப்பா அதற்குச் சிமெண்ட் போட முடிவு செய்தார். அவர் கூறிய காரணங்கள் பொய்யல்ல. மழையில் சேறு, புதரில் பூரான், வீடெல்லாம் மண் கால் தடம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்காள் தங்கையர் இருவரும், "ஒரு வருஷம் பொறுங்கள் அப்பா, தோட்டம் போட்டுக் காட்டுகிறோம்" என்று கெஞ்சி அனுமதி பெற்றோம்.

முதல் வேலையே தோல்வியில் முடிந்தது. உண்டியலை உடைத்து, பூத்துக் குலுங்கிய ஆறு ரோஜாச் செடிகளை ஒரு நர்சரியில் வாங்கி வந்தோம். தாழ்ந்த மூலையில் குழி தோண்டி நட்டோம். இரண்டு நாள் அடைமழை, குழியெல்லாம் குளமாயிற்று. இலை மஞ்சளாகி, கரும்புள்ளி விழுந்து, ஐந்து செடிகள் மடிந்தன. அழாத குறையாக நின்ற எங்களைப் பார்த்துப் பாட்டி, "செடி குடிக்கத்தானே தண்ணீர் கேட்டது, குளிக்கக் குளமா கேட்டது?" என்றார்.

அன்று நாங்கள் கற்றது இது: மழைக்காலத் தோட்டத்தின் முதல் வேலை செடி வாங்குவதன்று, நீருக்கு வழி செய்வது. மண்வெட்டி எடுத்து ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தி கட்டினோம். இடையே வாய்க்கால் இழுத்து, தாழ்ந்த மூலையில் குழி தோண்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பினோம். மக்கிய தொழுவுரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் மண்ணில் கலந்தோம். அதன் பிறகே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சென்றோம்.

இம்முறை பூவைப் பார்த்து மயங்கவில்லை. பூத்த பெரிய செடியைவிட, புதுத்துளிர் விட்ட சிறு செடியே புது மண்ணில் எளிதாக வேர் பிடிக்கும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பி, வெள்ளை மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்தோம். பைக்கு வெளியே வேர் சுருண்டிருந்தவற்றை ஒதுக்கினோம். வாங்கி வந்ததை ஒரு வாரம் நிழலில் வைத்து, பையைக் கிழித்து, பையில் இருந்த ஆழத்துக்கே நட்டோம்.

மேலும் ஓர் உண்மை. நம் மண்ணுக்கு ஏற்ற செடிகளில் பல, காசில்லாமலே கிடைக்கும். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் கிளை ஒடித்து நட்டால் வளரும். பக்கத்து வீட்டு மாமி மதில் மேலாக நீட்டிய டிசம்பர் பூக் கிளைகள் இந்த மார்கழியில் ஊதா நிறத்தில் பூத்தன. கெபியில் மாதாவின் பாதத்தில் வைக்கவும், அம்மாவின் தலைக்கும் அதுவே போதுமாயிருந்தது.

இதெல்லாம் பூவுக்காக மட்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழியரே. எங்கள் சிறு தோட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 280 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதினெட்டுக் குடத்துக்கு மேல்! சிமெண்ட் தரையானால் அத்தனையும் தெருவுக்கு ஓடும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில்! மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சட்டப்படி குழாய் வைத்துவிட்டு, மண்ணையெல்லாம் சிமெண்டால் மூடுவது முறையா? மலையை நீர் சூழ்ந்து நின்றதால் நீர்மலை ஆயிற்று என்றும், திருமங்கையாழ்வார் நீர் வடியக் காத்திருந்தார் என்றும் தலவரலாறு கூறும். அத்தகைய ஊரில் வாழும் நாம், நீர் இறங்க ஒரு முழம் மண்ணையாவது விட்டுவைக்க வேண்டாமா?

தோட்டத்துக்குக் கொஞ்சம் மண் போதும். ஒரு கைப்பிடிச் சுவரோரம் இருந்தாலும் போதும் என்பதே எங்கள் கருத்து. ஊரிலுள்ள எல்லா வெள்ளத்தையும் எங்கள் பாத்தி தடுத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பங்குக்கு விழும் நீரையாவது நாங்கள் தெருவுக்குத் தள்ளவில்லை.

"படிக்கிற பிள்ளைகளுக்கு மண்வெட்டி எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர்களுக்குப் பணிவுடன் ஒன்று சொல்வோம். மாலையில் அரைமணி நேரம் மண்ணில் நின்றதால் எங்கள் மதிப்பெண் குறையவில்லை. அறிவியல் பாடத்தில் படித்த வேரையும் மண்புழுவையும் கண்ணால் கண்டோம்.

தை மாதம் கொத்தனார் வந்தார். எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. அப்பா அவரிடம் கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடி வரை இரண்டடி அகல நடைபாதை மட்டும் போடச் சொன்னார். மீதியைக் காட்டி, "அது பிள்ளைகளுடையது, இருக்கட்டும்" என்றார். தப்பிப் பிழைத்த அந்த ஒற்றை ரோஜாச் செடி மேட்டுப் பாத்தியில் இப்போது துளிர் விட்டிருக்கிறது.