குதிரைமாளிகைக்குப் போயிருக்கிறீர்களா?

கிழக்கேகோட்டையில் தினமும் பஸ் பிடிக்கிறவர்கள் நாம். நம்மில் எத்தனை பேர் குதிரைமாளிகைக்குள் காலடி வைத்திருப்போம்? எனக்கே இருபது வருடம் பிடித்தது. மதுரையிலிருந்து மைத்துனர் வந்திராவிட்டால் இன்னும் போயிருக்க மாட்டேன்.

2011-ல் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகள் திறக்கப்பட்ட பிறகு, ஊரிலிருந்து வரும் உறவினர் யாரானாலும் கேட்பது ஒன்றுதான்: "அந்தத் தங்கம் இருக்கிற இடம் எது?" மைத்துனரும் அதையே கேட்டார். தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். நல்ல வெயில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நிழலுக்காகத்தான் மாளிகைக்குள் நுழைந்தோம்.

இறவாரத்தைத் தாங்குவது போல வரிசையாக மரக்குதிரைகள், மொத்தம் 122. கட்டியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. 1829 முதல் 1846 வரை ஆண்டு, 33 வயதில் மறைந்தவர். அதன்பின் மாளிகை வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. இப்போதும் ஒரு பகுதியைத்தான் பார்க்க முடியும். தந்தச் சிம்மாசனமும் ஸ்படிகச் சிம்மாசனமும் அங்கே இருக்கின்றன.

மைத்துனர் சொன்னார்: "மலையாள ராஜா வீடு, நமக்கென்ன?" அதுதான் என்னை உறுத்தியது. சுவாதித் திருநாளுக்குப் பாடம் சொன்ன சுப்பாராவ் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இந்த அரசவையில் இருந்தார். 1834-ல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். எதிரே நிற்கும் ஏழுநிலைக் கோபுரம் பாண்டிநாட்டுப் பாணி. கோயிலோ நம்மாழ்வார் பாடிய திவ்யதேசம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வரும் சரஸ்வதி, கம்பர் வழிபட்டவள் என்பது வழிவழி நம்பிக்கை. கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருகிறார்கள். மூவரும் இன்றைய தமிழ்நாட்டிலிருந்து எல்லை கடந்து வருகிறவர்கள்!

இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் தாம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்களின் வாரிசுகள் என்றே நினைத்து வளர்கிறார்கள். சாலைக் கடைத்தெருவோடு தமிழன் கதை முடிந்துவிட்டதாக அவர்களுக்கு ஓர் எண்ணம்.

"அரசு தமிழில் பலகை வைக்கட்டும்" என்று தீர்மானம் போட்டு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எத்தனையோ தீர்மானம் போட்டாயிற்று. நம் சங்கமே நாலு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு அச்சடிக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்மதீர்த்தக் கரையிலிருந்து புறப்படலாம். அங்கே மேத்தன் மணி இருக்கிறது. மணிதோறும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரரின் கன்னத்தில் முட்டுகிற மாதிரி செய்த பழைய கடிகாரம். பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த அது ஒன்றே போதும்.

செலவு பெரிதல்ல. கையேடு எழுத நான் தயார். திங்கட்கிழமை மாளிகைக்கு விடுமுறை என்பதையும் அதில் மறக்காமல் போட்டுவிடுகிறேன்.