கரிசல் தடமும் வண்டியின் பின்னச்சும்

கழுகுமலை, கோவில்பட்டிப் பிரதேசத்துக் கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்புடையது. ஆதலின் வண்டித் தடங்கள் சமமாயிருப்பதரிது. பருத்தியும் மக்காச்சோளமும் ஏற்றும் சிறு மோட்டார் வண்டிகளின் பின்புறக் கமான் பட்டைகளை நீக்கிச் சுருள்வில் பொருத்தினால் குலுக்கல் குறையுமென நிலச்சொந்தக்காரர் எண்ணுவது இயல்பே. ஆயினும் இவ்வெண்ணம் பாதியே சரி.

கமான் பட்டை பாரத்தைத் தாங்குவதோடு அச்சை அதனிடத்தில் நிறுத்தியும் வைக்கிறது. சுருள்வில்லோ பாரத்தை மாத்திரம் தாங்கும். அச்சு முன்பின் நகராதிருக்கக் கீழே இரு தண்டுகளும், பிரேக் பிடிக்குங்கால் புரளாதிருக்க மேலே தண்டும், பக்கம் சாயாதிருக்கக் குறுக்குத் தண்டும் வேண்டும். இவற்றின் நீளமும் பூட்டுமிடமும் பிழைபட்டால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் பின்னச்சு கோணி வண்டி தடம் மாறும். அதனால் உயிர்ச்சேதமும் நேரக்கூடும். மேலும், தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாகப் பதிவுபெற்ற வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

ஆகவே தேய்ந்த பட்டைகளையும் புஷ்களையும் மாற்றி, யூ-போல்ட்டுகளை இறுக்கி, அளவோடு பாரமேற்றுவதே உத்தமம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கிராம அதிகாரிகள் தடத்தில் சரளை இட்டு, நீர் வடியக் கால் வெட்டுவிப்பார்களாக. வண்டியொன்றைத் திருத்துவது ஒருவருக்கே பயன். தடத்தைத் திருத்துவது ஊருக்கெல்லாம் பயன்.