கரிகாலன் வீழ்ந்தது யாரால்?

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னைப் படித்த தோழியர் பலர், ஆதித்த கரிகாலனின் முடிவுக்கு நந்தினியையே பழிக்கின்றனர். நாங்கள் இதை ஏற்கமாட்டோம்.

காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனுக்காக அவள் உயிர்ப்பிச்சை கேட்டாள். வென்ற இளவரசன் செவிசாய்த்தானா? தலையையல்லவா கொய்தான்! பின்னர், கடம்பூருக்குப் போக வேண்டாமென்று பாட்டனார் மலையமான் தடுத்தார். தங்கை குந்தவையும் தடுப்பதற்கென்றே வந்தியத்தேவனை அனுப்பினாள். யார் சொல்லியும் கேளாமல், அஞ்சினான் என்று உலகம் பேசிவிடக் கூடாதே என்ற செருக்கினால் சென்றான்.

அவனுடைய பெரிய பாட்டனார் இராஜாதித்தர், நம் திருத்தணிக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் 949-இல் யானைமீதிருந்து போரிட்டு மாண்டார். கரிகாலனுக்கோ விருந்துக்குச் சென்ற மாளிகையில் சாவு!

நந்தினியை ஏசுவோர் அந்தக் குடிசைக் காட்சியை இன்னொரு முறை படிக்கட்டும்.