சொட்டுகளின் கணக்கு

பட்டுக்கோட்டை வட்டாரத்து வயல்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவருவது கல்லணைக் கால்வாய். 1934இல் திறக்கப்பட்ட இதனைப் ‘புது ஆறு’ என்றே எம் மக்கள் அழைப்பர். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்பதனால் மட்டும் உழவர் அமைதி கொள்வதில்லை. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே அவர்தம் கவலை. நீர் குறைந்தால் பயிர் வாடும். மிகுந்தால் நாற்று அழுகும். நோயாளியின் இரத்தக்குழாயினுள் செல்லும் மருந்துக்கும் இக்கணக்கே பொருந்தும்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தவாறு சொட்டுகளை எண்ணுவார். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், 500 மில்லிலிட்டர் நீர்மத்தை நான்கு மணி நேரத்தில் செலுத்த நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டுகள் விழவேண்டும். நோயாளி கையை மடக்கினாலே இக்கணக்கு மாறிவிடும். உப்புநீருக்கு இம்மாற்றம் பெரும்பாலும் தீங்காவதில்லை. இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு, நார்அட்ரீனலின் போன்றவற்றிலோ சிறு பிழையும் உயிரைப் பறிக்கக்கூடும். எனவேதான் மருந்தேற்று எந்திரம், அதாவது இன்ஃபியூஷன் பம்ப், தேவைப்படுகிறது. ஒருவகை எந்திரம் குழாயை வரிசையாக அழுத்தி நீர்மத்தைத் தள்ளும். மற்றொருவகை, சிரிஞ்சின் தண்டை மோட்டாரால் மெல்ல நகர்த்தும்.

எந்திரம் வந்ததனால் பிழை ஒழிந்ததா? 2006ஆம் ஆண்டு கனடாவின் எட்மன்டன் நகரில், நான்கு நாள்களில் செலுத்தவேண்டிய புற்றுநோய் மருந்து நான்கே மணி நேரத்தில் ஒரு பெண்மணியின் உடலில் ஏறியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. மணிக்கு 1.2 மில்லிலிட்டர் என்று பதியவேண்டிய இடத்தில் 28.8 என்று பதியப்பட்டிருந்தது. 28.8 என்பது ஒரு நாளுக்குரிய அளவு. அதனை 24ஆல் வகுக்க விடுபட்டுவிட்டது. செவிலியர் இருவர் சரிபார்த்தும் பிழை புலப்படவில்லை. மருந்துச் சீட்டில் இரண்டு எண்களும் இடம்பெற்றிருந்தன. எந்திரமோ தவறான எண்ணையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது.

இங்கே குற்றவாளி யார்? ‘கவனக்குறைவு’ என்று செவிலியர்மேல் பழிசுமத்திவிட்டு நகர்வது எளிது. அஃது அறமன்று என்பது மட்டுமன்று, பயனுமற்றது என்பதே என் கருத்து. களைப்பும் மறதியும் மனித இயல்பு. அவ்வியல்பை அறிந்து வடிவமைக்கப்படாத கருவி, பாதி செய்யப்பட்ட கருவியே ஆகும். அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2005 முதல் 2009 வரை இவ்வகை எந்திரங்கள் தொடர்பாக ஏறத்தாழ 56,000 தீங்கு அறிக்கைகளைப் பெற்றது. அக்காலத்தில் 87 முறை கருவிகள் திரும்பப்பெறப்பட்டன. மென்பொருள் பிழை, பயனரைக் குழப்பும் திரை, இயந்திர, மின் பழுது ஆகியவை முதன்மைக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

நல்ல எந்திரம் எப்படி இருக்கவேண்டும்? ஒவ்வொரு மருந்தின் உச்ச அளவையும் நினைவில் வைத்து, மீறினால் இயங்க மறுக்கவேண்டும். குழாயைக் கழற்றும்போது மருந்து தடையின்றிப் பாயாதவாறு தானே அடைத்துக்கொள்ளவேண்டும். காற்றுக்குமிழியையும் அடைப்பையும் கண்டு எச்சரிக்கவேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் எம் தென்னைகள் சாய்ந்ததையும் ஊர்கள் பல நாள் இருளில் கிடந்ததையும் மறக்கவியலாது. ஆகவே, மின்சாரம் நின்றாலும் இயங்கும் பேட்டரியும், அதனை முறையாகச் சோதிக்கும் வழக்கமும் இன்றியமையாதவை.

‘எல்லாவற்றையும் எந்திரம் பார்த்துக்கொண்டால் மனிதர் அசட்டையாகிவிடுவர்’ என்பார் சிலர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அடிக்கடி காரணமின்றி ஒலிக்கும் மணியை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆதலால், தேவையற்ற ஒலியைக் குறைப்பதும் வடிவமைப்பாளரின் கடமையே. அதே வேளையில், எண்ணைத் தனித்தனியே இருவர் கணக்கிட்டு ஒப்பிடுவதும், பொத்தானை அழுத்தியபின் திரையை மீண்டும் படிப்பதும், குழாயைப் புட்டி முதல் நோயாளி வரை கண்ணால் தொடர்வதும் மனிதர் கைவிடக்கூடாத பழக்கங்கள்.

விலை குறைவு என்பது மட்டுமே கொள்முதலின் அளவுகோலாதல் கூடாது. வாங்கும் முன் கருவியை அன்றாடம் கையாளும் செவிலியரிடம் ஒரு வாரம் கொடுத்து அவர்தம் கருத்தைக் கேட்கவேண்டும். ஒரு மருத்துவமனைக்குள் ஒரே வகைக் கருவி இருப்பின், பிரிவு மாறிச் செல்பவர் தடுமாறமாட்டார். கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவுசெய்ய நம் நாட்டில் 2015இல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. தண்டனைக்கு அஞ்சாமல் பிழையைச் சொல்லும் சூழல் அமைந்தால்தான் அத்திட்டம் பயன்தரும். மறைக்கப்பட்ட பிழை மற்றொரு படுக்கையில் மீண்டும் நிகழும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை செவிலியராவீர்கள். சிலர் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளராவீர்கள். சிலர் கொள்முதல் கோப்பில் கையொப்பமிடும் அலுவலராவீர்கள். நீங்கள் யாராயினும், 24ஆல் வகுக்க மறந்த அந்த ஒரு கணத்தை நினைவிற்கொள்ளுங்கள். கால்வாயின் கரை வலுவாக இருந்தால், மதகைத் திறப்பவரின் ஒரு நொடி அயர்வு ஊரை மூழ்கடிக்காது. அத்தகைய கரையைக் கட்டுவதே அறிவியலின் கடமை. அதனைக் காப்பது நம் அனைவரின் கடமை.