சலவைத் தூளும் ஏரிப் பாசனமும்

காஞ்சீபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், துணி வெளுத்த நீர் எங்கே செல்கிறதென்று விசாரிப்பாரில்லை. அது வீட்டுக் கொல்லையிலிருந்து தெருச் சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஏரிக்குமாகச் சென்று, மதகு திறந்தவுடன் நமது நாற்றங்காலில் வந்து பாய்கிறது. நகரத்துக் கழிவோ வேகவதியில் கலந்து, திருமுக்கூடலில் பாலாற்றையும் செய்யாற்றையும் அடைகின்றது. ஆகவே எந்தச் சலவைப் பொருளை வாங்குவதென்பது வீட்டுப் பெண்டிர்க்கு மட்டும் உரிய விஷயமென்று பட்டாதாரர்கள் ஒதுக்கிவிடலாகாது. உரம் வாங்குங்கால் அதில் என்ன சத்து எத்தனை பங்கு என்று கேட்பவர், சலவைத் தூளையும் அவ்வாறே கேட்டு வாங்கவேண்டுமென்பது எமது கருத்து.

சலவைத் தூள்களில், விசேஷமாக விலை மலிந்தவற்றில், பெரும்பகுதி சலவைச் சோடாவும், எடையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கும் சோடியம் சல்பேட்டு அல்லது சாதாரண உப்புமேயாம். அழுக்கை நீக்கும் பொருள் சிறு பங்கே. இவ்வுப்புக்களிலுள்ள சோடியம் களிமண் நிலத்தில் சேரச் சேர, மண்ணின் குருணைக் கட்டு கலைந்து சேறாகி, காய்ந்தபின் தளம் போட்டதுபோல் இறுகும். நீர் உட்புகாது; வேருக்குக் காற்று கிட்டாது. களர் நிலத்தை ஜிப்ஸம் இட்டுத் திருத்துவதற்குப் பணமும் நல்ல நீரும் எவ்வளவு பிடிக்குமென்பதை அனுபவித்தோர் அறிவர். ஒரு கையால் ஜிப்ஸத்தை இறைத்து மறு கையால் சோடாவை வாய்க்காலில் கொட்டுவது என்ன சிக்கனமோ, விளங்கவில்லை.

முன்னோர் முறையே உத்தமமென்று சொல்லிவிடவும் இடமில்லை. சலவைத் தொழிலாளர் வெள்ளாவிக்கு உபயோகித்த உவர்மண்ணும் சோடாவே. ஆனால் அக்காலத்தில் அதன் உபயோகம் சொற்பம். 1959-ல் ஸர்ப், 1969-ல் நிர்மா என இத்தேசத்தில் தூள்கள் பரவிய பின்னரே அது வீடுதோறும் நித்தியத் தேவையாயிற்று.

பாஸ்பேட்டின் வரலாறு வேறு. கடின நீரை மென்மையாக்கும் பொருட்டுச் சில தூள்களில் சோடியம் டிரைபாலி பாஸ்பேட்டைச் சேர்ப்பர். நெல்லுக்கு இடும் சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து நூற்றுக்கு 16 பங்கு. தூய டிரைபாலி பாஸ்பேட்டிலோ ஏறக்குறைய 57 பங்கு. ‘அப்படியாயின் இனாமாக வரும் உரந்தானே!’ என்று ஒருவர் கேட்கலாம். வயலில் நேரே விழுமாயின் அக்கேள்வி நியாயமே. ஏரியில் தேங்குங்கால் அவ்வுரத்தை முதலில் உண்பவை பாசியும் ஆகாயத் தாமரையுமாம். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. ஆகாயத் தாமரை மதகை அடைத்துக்கொள்ள, அதை வாரியெடுக்கும் கூலி ஆயக்கட்டுக்காரர் தலையில் விழுகிறது. ஐரோப்பிய யூனியனில் 2013 ஜூன் 30 முதல், ஒரு தடவை சலவைக்குரிய அளவில் பாஸ்பரஸ் 0.5 கிராமுக்கு மேற்படலாகாதென்று சட்டம் அமுலுக்கு வந்தது. நாமும் ‘பாஸ்பேட்டு இல்லாதது’ என்று அச்சிட்ட பொதியைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

பட்டு விஷயத்திலோ சோடா செய்யும் தீங்கு ஏரியை எட்டுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு பசையாகும். சாயமிடுமுன் சவுக்காரமும் சோடாவும் இட்ட வெந்நீரில், சூடும் நேரமும் பார்த்து அதை நீக்குகின்றனர். அதே சோடா நெய்து முடிந்த சேலையில் நாள்தோறும் பட்டால், நீங்குவதற்குப் பசை ஏது? இழையே மெலியும். கறை போக்கவென்று தூளில் சேர்க்கும் புரோட்டீஸ் என்னும் நொதியும் பட்டுக்கு ஆகாது. பட்டு புரதமாகையால் அதனையும் அது அரிக்கும். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சீபுரப் பட்டை இவ்வாறு கெடுத்துவிட்டு, நெய்தவரைக் குறைகூறுவோர் உளர்.

காரமுள்ள சலவைப் பொருளைக் கண்டறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்துக் காயவைத்த வெள்ளைத் துணித் துண்டின்மேல் சலவை நீரைச் சொட்டுக. காரமிருப்பின் துணி சிவக்கும். மஞ்சளாகவே நின்றால் பட்டுக்கு அஞ்சவேண்டுவதில்லை. எனினும் நொதியையும், எடை கூட்டும் உப்பையும் மஞ்சள் காட்டாது.

பூந்திக்கொட்டைத் தோலை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்த நீர் பட்டுக்கு மிகவும் ஏற்றது. சோடியமும் பாஸ்பேட்டும் சேராதது. ஆயினும் அதன் சாறு மீனுக்கு நஞ்சு. ஆகையால் அதையும் மீன் வளர்க்கும் குளத்தில் கொட்டலாகாது. நாள்தோறும் உடுக்கும் பருத்தித் துணிக்கு, மழைநீரோ மென்னீரோ கிடைக்கும் வீட்டில் சாதாரணச் சவுக்காரமே போதும். கிணற்று நீர் கடினமாயின் சவுக்காரம் நுரையாது திரிந்துவிடும்; அப்போது தூளைவிடத் திரவச் சலவைப் பொருள் மேல். எடை கூட்டும் உப்புக்களுக்கு அதில் இடமில்லை. எதுவாயினும் பாதியளவு இட்டுப் பார்ப்பது நலம். நுரை அதிகமாயின் வெண்மை அதிகமென்பது வெறும் நம்பிக்கையே.

மத்திய அரசாங்கம் 1991-ல் ஏற்படுத்திய ‘எகோமார்க்’ திட்டத்தில் சலவைப் பொருள்களும் அடங்கும். 2024-ல் அதற்குப் புதிய விதிகள் பிறந்தன. ஆயினும் அம்முத்திரையிட்ட பொதியைக் கடைவீதியில் காண்பது அரிது. ‘இயற்கை’, ‘பசுமை’ என்னும் சொற்கள் மட்டும் பெரிய எழுத்தில் இருந்து, சேர்ந்த பொருள்களின் விவரம் இல்லாத பொதியை நம்பவேண்டாம்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சி மன்றத்தாரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கோயில் குளத்தில் சோப்பு உபயோகிக்கலாகாதென்று பலகை நாட்டுகிறோம். ஏரிப் படித்துறையிலோ துவைகல்லை நாமே போட்டு வைக்கிறோம். அக்கல்லை நீர்ப்பிடிப்புக்கு அப்பால் பெயர்த்து வைத்து, அந்நீரைத் தென்னைக்குத் திருப்பலாம். வாழைக்கு வேண்டாம், அது உப்பைப் பொறுக்காது. எப்போதும் ஒரே மரத்தடியில் விடாமல் முறைமாற்றி விட்டு, ஆண்டுக்கொருமுறை அவ்விடத்து மண்ணைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிக் களர்த்தன்மை ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.