அபூர்வம்னு சொல்லி கைகழுவாதீங்க

தமிழில் 'அபூர்வம்' நல்ல வார்த்தை. அபூர்வ ராகம், அபூர்வ மூலிகை, அபூர்வ மனுஷன். ஆஸ்பத்திரியில் மட்டும் அதற்கு வேறு அர்த்தம்: 'இதுக்கு எங்ககிட்ட ஆள் இல்ல, நீங்க கிளம்பலாம்.' இந்தப் பதிவு அந்த அர்த்தத்தோடு ஒரு சண்டை. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

நோயின் பெயர் லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ். வாயில் நுழையாது என்பதால் டாக்டர்களே சுருக்கி 'லாம்' என்கிறார்கள். கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருகிறது, அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். தசை செல் மாதிரியான செல்கள் நுரையீரலில் பரவி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை ஓட்டையாக்கிவிடும். படி ஏறினால் மூச்சு வாங்கும். திடீரென்று காற்று வெளியே கசிந்து நுரையீரல் சுருங்கிவிடும். இதை நியூமோதொராக்ஸ் என்பார்கள். சிலருக்கு சிறுநீரகத்திலும் கட்டி இருக்கும்.

திருப்பூணித்துறையில் என் அத்தை பெண் ஒருத்தி. டீச்சர். சிகரெட் புகை பக்கமே போகாதவள். மூச்சு வாங்குது என்றாள், ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். அப்புறம் டி.பி.யாக இருக்கலாம் என்று மாத்திரை. இன்னொருவர் 'டென்ஷன், யோகா பண்ணுங்க' என்றார். இரண்டு தடவை நுரையீரல் சுருங்கி, விலாவில் குழாய் போட்டுக் காற்றை எடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் சுருங்கியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டதும் ஒரே கேள்விதான்: 'எப்போ விசேஷம்?' கர்ப்ப காலத்தில் இந்த நோய் முற்றக்கூடும் என்பது கேட்டவர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மூன்றாவது தடவை ஒரு இளம் டாக்டர் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் தெரிந்துவிட்டது. "அண்ணா, எனக்கு என்னன்னு தெரிஞ்சுக்க ஆறு வருஷம், மூணு குழாய் ஆச்சு" என்றாள் போனில்.

கொச்சியில் வசதி இல்லையா? இந்தியாவின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை சிகிச்சை 2015ல் நடந்ததே கொச்சி அமிர்தா ஆஸ்பத்திரியில்தான். 2024ல் இருந்து திருப்பூணித்துறையில் மெட்ரோ ஏறினால் நேராக இடப்பள்ளியில் இறங்கலாம். மெஷினும் இருக்கிறது, டாக்டர்களும் இருக்கிறார்கள். இளம்பெண்ணின் நுரையீரல் காரணமில்லாமல் சுருங்கினால் 'லாமாக இருக்குமோ' என்று கேட்கும் வழக்கம்தான் இல்லை.

மருந்து இல்லையா? அதுவும் இருக்கிறது. இந்த இடத்தில் நம்மைப் போல் ஊரை விட்டு வந்த ஒருவரின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். சுரேன் சேகல், பனாரஸில் படித்தவர், கனடாவுக்குப் போய் மாண்ட்ரியலில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஈஸ்டர் தீவிலிருந்து வந்த மண்ணில் ஒரு பாக்டீரியா. அதிலிருந்து 1970களில் அவர் குழு பிரித்தெடுத்ததுதான் ராபமைசின் என்கிற சிரோலிமஸ். 1980களில் அந்த லேபை மூடியபோது, அந்த பாக்டீரியாவைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றி பிரின்ஸ்டனுக்குக் கொண்டு வந்தார். அதாவது நான் பொட்டி தட்டும் இதே நியூஜெர்சிக்கு. 1999ல் சிறுநீரக மாற்றுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது.

லாமுக்கு அது எப்படி வந்தது? 1995ல் சூ பைர்ன்ஸ் என்ற அம்மா, தன் மகளுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும், சின்சினாட்டியில் லாம் அறக்கட்டளையை ஆரம்பித்தார். நோயாளிகளை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்தார்கள். 2011ல் வெளிவந்த மைல்ஸ் என்ற ஆய்வில் பங்கெடுத்தவர்கள் அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்று நாட்டிலும் சேர்த்து 89 பெண்கள். வெறும் 89! மருந்து சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் சக்தி ஒரு வருஷம் ஏறக்குறைய நிலையாக நின்றது. மற்றவர்களுக்கு இறங்கிக்கொண்டே போனது. 2015ல் அமெரிக்க அரசு லாமுக்கு அனுமதி கொடுத்தது. நோயை ஒழிக்காது, தடுத்து நிறுத்தும். நிறுத்தினால் திரும்பவும் சரிவு. (ரத்தச் சோதனையோடு டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிவிடாதீர்கள்.) இந்தியக் கம்பெனிகளே இதைத் தயாரிக்கின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம். பத்து லட்சம் பெண்களில் 3 முதல் 8 பேர் என்பது பழைய மதிப்பீடு. புதியவை இன்னும் அதிகம் சொல்கின்றன. பழையதையே வைத்தாலும், சுமார் 70 கோடி பெண்கள் உள்ள நாட்டில் 2,100 முதல் 5,600 பேர். 89 பேர் உலகத்துக்கே வழிகாட்டினார்கள் என்றால், இத்தனை பேர் இருந்தும் நம்மிடம் பெயர்ப்பட்டியல் எங்கே?

அரசு 2021ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை கொண்டுவந்தது. 2022ல் உதவித்தொகையை 50 லட்சமாக உயர்த்தியது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் அதன் பட்டியலில் பெரும்பாலானவை பிள்ளைப் பருவத்து மரபணு நோய்கள். தமிழ்நாட்டுக்கான சிறப்பு மையம் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. கேரளாவுக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி., தாய்-சேய் ஆஸ்பத்திரி. முப்பத்திரண்டு வயசுப் பெண் நுரையீரலைத் தூக்கிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவாள்?

'டி.பி.யிலேயே இத்தனை பேர் சாகும்போது நாலு பேருக்கு வர நோய்க்குச் செலவா?' என்று பின்னூட்டத்தில் ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். ஐயா, இல்லாத டி.பி.க்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது செலவில்லையா? மூன்று தடவை குழாய் போட்டுப் படுக்க வைத்தது? புகைக்காத இளம்பெண்ணுக்கு முதல் தடவை நியூமோதொராக்ஸ் வந்ததுமே ஸ்கேன் எடுப்பது செலவுக்கு ஏற்ற பலன் தரும் என்று அமெரிக்காவில் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, காரணமில்லாமல் நுரையீரல் சுருங்கிய எந்தப் பெண்ணையும் ஹெச்.ஆர்.சி.டி. எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு, மாநிலத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியில், மாதத்தில் ஒரு நாளாவது, பெரியவர்களின் அரிய நுரையீரல் நோய்க்கென்று பெயர் போட்ட ஒரு கிளினிக். மூன்று, ஒரு பதிவேடு. பெயர்கள் ஒரே இடத்தில் இருந்தால் ஆராய்ச்சி தானாகத் தேடி வரும்.

நமக்கும் வேலை இருக்கிறது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு டாலரில் மொய் எழுதுகிறோம். தமிழ்ச் சங்கத்தில் நட்சத்திர இரவு நடத்துகிறோம். அதில் ஒரு பங்கை இப்படி ஒரு பதிவேட்டுக்கு ஒதுக்கச் சொல்லி உங்கள் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அதற்கும் முன்னால், ஊரில் அக்காவோ தங்கையோ மூச்சு வாங்குது என்று சொன்னால், 'வெயிட் குறை, வாக்கிங் போ' என்று அறிவுரை சொல்லி போனை வைக்காதீர்கள். ஸ்கேன் எடுத்தாயா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் எடுக்கும்வரை விடாதீர்கள்.