வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அத்தை இருக்கிற முதியோர் இல்லத்தின் வாசலில் வருகைப் பதிவேடு ஒன்று உண்டு. ஓரம் நைந்த நீள நோட்டு, நூலில் கட்டித் தொங்கும் பேனா. பெயர், நேரம், யாரைப் பார்க்க, உறவுமுறை, கையெழுத்து என்று ஐந்து கட்டம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருந்த கடுப்பில், உறவுமுறைக் கட்டத்தில் 'எதிரி' என்று எழுதினேன். வாட்ச்மேன் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருதரம் படித்தார். "போங்க சார், அம்மா டைனிங் ஹால்லதான் இருக்காங்க" என்றார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அதற்கு நான்கு நாள் முன்புதான் அத்தையின் இடது முன்னங்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கருநீலமாகக் கன்னிப்போயிருந்ததைப் பார்த்திருந்தேன்.

அத்தைக்கு 81 வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு தனியாக இருக்க முடியாது என்று அவரே முடிவெடுத்து, ஆட்டோ வைத்துக்கொண்டு நான்கு இல்லங்களைப் போய்ப் பார்த்து, பென்ஷனுக்குள் அடங்குகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மாதம் 22,000. தாம்பரம் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டிய இடம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதியோர் இல்லம் என்று வாயைத் திறந்தாலே 'பெத்தவங்களைக் கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க' என்ற பழைய பல்லவியை நம் ஆட்கள் எடுத்துவிடுவார்கள். கண்ணீர் பொங்கும் அந்தப் பாட்டில், உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வி அமுங்கிப்போகும். தள்ளிவிடப்பட்டவரோ தானாக வந்தவரோ, வந்த இடத்தில் அடி வாங்காமல் இருக்க வேண்டாமா?

மேனேஜரிடம் கேட்டேன். "வயசானவங்களுக்குத் தோல் மெல்லிசாயிடும் சார். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற சாப்பிடுவாங்க. கையைப் பிடிச்சுத் தூக்கினாலே கன்னிப்போகும்" என்றார். பொதுவாக அது உண்மைதான். ஆனால் அத்தை அந்த மாத்திரை சாப்பிடுவதில்லை. மாதாமாதம் அவருடைய மாத்திரை டப்பாவை நிரப்புகிறவன் நான்.

அத்தை மூன்றாம் தடவை கேட்டபோதுதான் சொன்னார். அதுவும் கதவு பக்கம் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி. "சத்தம் போடாதே. நீ ஆறு மணிக்குக் கிளம்பிடுவே. நான் இங்கேயேதானே இருக்கணும்?"

நடந்தது இதுதான். ராத்திரி ஒன்றரை மணி. எதிர் வரிசையில் இருக்கும் பெரியவர், ரயில்வேயில் இருந்தவர், மறதி நோய் முற்றியவர், அத்தையின் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார். அவர் கணக்கில் அது அவருடைய வீடு. கட்டிலில் யாரோ படுத்திருக்கிறார்கள். "யாரு நீ? என் வீட்டுல என்ன பண்றே?" என்று கைத்தடியை ஓங்கியிருக்கிறார். தலையில் விழ வேண்டியதை அத்தை கையால் தடுத்திருக்கிறார். அழைப்பு மணியை அழுத்தினால் கீழ்த்தளத்தில் ஆயாக்கள் படுக்கிற அறையில் அடிக்கும். அங்கே யாரும் இல்லை. மொத்தம் 38 பேருக்கு ராத்திரியில் இரண்டு ஆயா. ஒருவர் லீவு. இன்னொருவர் அந்த நேரத்தில் மாடிக்கோடியில் ஒரு பாட்டிக்கு டயபர் மாற்றிக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு நிமிஷம்" என்றார் அத்தை. "சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மறுநாள் காலை டைனிங் ஹாலில் அத்தைக்கு அவர்தான் சர்க்கரை டப்பாவை நகர்த்திக் கொடுத்தாராம். இது அபூர்வமான சம்பவமும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் 10 இல்லங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரத்துக்குள் ஐந்தில் ஒருவர் சக முதியவருடன் இப்படி ஏதாவது ஒரு மோதலில் சிக்கியது தெரியவந்தது. திட்டுவது, அடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. அனுமதி இல்லாமல் அடுத்தவர் அறைக்குள் நுழைவதைத் தனி வகையாகவே எண்ணியிருந்தார்கள். அதாவது, மறதி நோய்க்காரர்கள் இருக்கிற எந்த இல்லத்திலும் இது நடக்கும் என்று எதிர்பார்த்தே ஆளையும் அறையையும் அமைக்க வேண்டும். யாரை எங்கே வைப்பது, ராத்திரி நடமாடுகிறவர் எழுந்ததும் யாருக்குத் தெரிய வேண்டும், வராந்தாவில் யார் உட்கார்ந்திருப்பது? பெரிய விஞ்ஞானம் எதுவும் இதில் இல்லை.

எங்கள் இல்லம் என்ன செய்தது தெரியுமா? அந்தப் பெரியவர் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டது. "நைட்டுக்கு மட்டும்தான் சார்" என்றார் மேனேஜர். ஒரு பழைய பருத்தி துப்பட்டா. கட்டில் கம்பியில் அதன் முடிச்சு பகலிலும் அப்படியே இருந்தது, அடுத்த இரவுக்குத் தயாராக. அத்தைக்கு அடியைவிட இதுதான் வலித்தது. "அவரைக் கட்டிப்போட்டதுக்கு நான்தான் காரணம்னு ஆயிடுச்சு பாரு."

நம் ஊரில் காவல் என்றாலே கட்டுவதும் பூட்டுவதும்தான். அன்று அத்தையின் அறைக் கதவை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். வெளிப்பக்கம் கனமான தாழ்ப்பாள், எண்ணெய் போட்டு வழவழவென்று. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டை. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் திறக்க முடியாதாம், அதனால் எல்லா அறையிலும் கழற்றிவிட்டார்கள். வெளிப்பக்கத் தாழ்ப்பாள் எதற்கு என்றால், வழி தவறி வெளியே போகிறவர்களுக்காம். அறையில் இருப்பவரை யார் வேண்டுமானாலும் உள்ளே வைத்துப் பூட்டலாம். அவர் மட்டும் யாரையும் வெளியே நிறுத்த முடியாது.

சிறையைப் பூட்டுவது போலத்தான் வீட்டையும் பூட்டுவோம் என்ற இந்தப் புத்தி எங்கே கொண்டுபோய் விட்டது என்பது நமக்குத் தெரியாததும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த தனியார் விடுதியில் விடியும் முன் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அன்றைக்குச் சங்கிலி, இன்றைக்குத் துப்பட்டா. துணி மெத்தென்று இருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

வாட்ச்மேனிடம் போய் நின்றேன். பாவம், அவருக்கே 71 வயது. பிளாஸ்டிக் நாற்காலி, நாய் விரட்ட ஒரு கம்பு, பேட்டரி போன டார்ச். ராத்திரி என்ன வேலை என்று கேட்டேன். "யாரும் வெளிய போகாம பாத்துக்கணும் சார். ஒருத்தர் போயிட்டாலும் என் வேலை போயிடும்."

"யாராவது உள்ள வந்தா?"

"உள்ள யாரு சார் வரப்போறா? இங்க என்ன இருக்கு?"

தனியார் காவல் நிறுவனங்களுக்கென்று 2005-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். காவலாளி 65 வயதைத் தாண்டக் கூடாது, போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், பயிற்சி வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகளில் வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் என்று கணக்கே இருக்கிறது. ஆனால் அது நிறுவனம் அனுப்புகிற ஆட்களுக்கு. தெருக்கோடி டீக்கடையில் சொல்லிவைத்துப் பிடிக்கிற பெரியவருக்கு அது எங்கே வந்து உறைக்கப்போகிறது? 38 முதியவர்களைக் காக்க 39-ஆவதாக ஒரு முதியவரை வாசலில் உட்கார வைத்திருக்கிறோம். அவருக்கும் சேர்த்து யாராவது காவல் இருந்தால் தேவலை.

'இங்க என்ன இருக்கு' என்று அவர் கேட்டது அப்பாவித்தனமான கேள்வி. ஜப்பானில் சகமிஹாரா என்ற ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்குள் 2016 ஜூலை 26 அதிகாலை, ஜன்னலை உடைத்து ஒருவன் நுழைந்தான். இரவுப் பணியில் இருந்தவர்களைக் கட்டிப்போட்டுவிட்டு, படுக்கையில் கிடந்தவர்களில் 19 பேரைக் கத்தியால் குத்திக் கொன்றான். எங்கிருந்தோ வந்தவன் இல்லை, முன்பு அங்கேயே வேலை பார்த்தவன். எந்த அறை எங்கே என்று தெரிந்தவன். எங்கள் இல்லத்தில் இந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஏழெட்டு ஆயாக்கள் மாறிவிட்டார்கள். பின்கதவுச் சாவி இன்னும் அதே பழைய சாவிதான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்குகிறது.

கேமரா இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, நான்கு. ஒன்று கேட்டில், ஒன்று ஆபீஸ் மேஜையில் பணம் வாங்குகிற இடத்தில், ஒன்று ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில், ஒன்று மளிகைச் சாமான் அறையில். அரிசி மூட்டை இருபத்து நாலு மணி நேரமும் கண்காணிப்பில் இருக்கிறது. மாடி வராந்தாவில் ஒன்று கூட இல்லை. கேட்டால் "பிரைவசி சார்". அறைக்குள் வேண்டாம், நானும் ஒப்புக்கொள்கிறேன். பொது வராந்தாவில் என்ன பிரைவசி? கேமராவைப் பார்க்க ராத்திரியில் ஆள் இல்லாவிட்டால் அதுவும் அடி விழுந்த பிறகு போட்டுப் பார்க்கிற சினிமாதான் என்பது வேறு விஷயம்.

சரி, யாரிடம் சொல்வது? முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண்ணை 2021-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம், எடுப்பவர்களும் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஆனால் அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான். கைத்தடி ஓங்கப்பட்டது ஒன்றரை மணிக்கு. அமெரிக்க மத்திய விதிப்படி, இல்லத்தில் ஒருவர் துன்புறுத்தப்பட்டதாகப் புகார் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மாநில அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். விதி இருப்பதால் அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் மறைத்தது தப்பு என்று சொல்லவாவது ஒரு கோடு இருக்கிறது. இங்கே எனக்குத் தகவல் சொன்னது அந்தக் கன்னிப்போன கைதான்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது 2007-இல். அதில் பெரும்பகுதி பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தருவது பற்றியது. அத்தை மாதிரிப் பிள்ளையே இல்லாதவரை ஒரு தனியார் இல்லம் எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அது அதிகம் மெனக்கெடவில்லை. இந்தக் குறையைச் சரிசெய்ய 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. தனியார் இல்லங்கள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் முதியோர் விவகாரத்துக்கென்று ஓர் அதிகாரி வேண்டும் என்றெல்லாம் இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. அறிக்கையும் வந்தது. அப்புறம் 2024-இல் மக்களவையே கலைந்தது, மசோதாவும் காலாவதியானது. நாலரை வருஷம்! கட்சி மாறுகிறவர்களுக்கு ஒரே ராத்திரியில் எத்தனை காரியம் நடக்கிறது இந்த நாட்டில்.

உள்ளே நடப்பது எப்படித்தான் வெளியே வருகிறது? விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஆசிரமம் என்ற பெயரில் நடந்த இல்லத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே சேர்த்துவிட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போன பிறகுதான், 2023 பிப்ரவரியில் கதவு திறந்தது. அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், குரங்கை விட்டுக் கடிக்கவைத்தார்கள், பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்று புகார்கள் குவிந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. தேடி வர ஒரு ஆள் இருந்ததால் அது வெளியே வந்தது. தேடி வர யாரும் இல்லாதவர்களின் கதை?

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அத்தையைச் சேர்த்த அன்று நான் கேட்ட கேள்விகள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரா? டாக்டர் வாரத்துக்கு எத்தனை தடவை வருவார்? இட்லிக்கு என்ன சட்னி? சட்னியைக் கேட்டவன், ராத்திரி எத்தனை பேர் முழித்திருப்பார்கள் என்று கேட்கவில்லை. அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று ஒரு சங்கத்துக்காரர்கள் நாற்பது பேர் பேனரோடு வந்து, ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு பிரெட் பாக்கெட், இரண்டு வாழைப்பழம் கொடுத்து அறை அறையாகப் போய் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவர் பெயரும் பதிவேட்டில் இல்லை. நானும் அன்று அங்கேதான் இருந்தேன். கை தட்டினேன்.

போன மாதக் கடைசியில் ஹார்டுவேர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு பூட்டை எடுத்துக் காட்டினார். பாத்ரூம் கதவுக்குப் போடுவது. உள்ளே இருப்பவர் குமிழைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு வெளியே இருப்பவர் ஒரு ரூபாய்க் காசை அந்தப் பிளவில் வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். காசை வைத்துத் திருப்பியும் காட்டினார். 340 ரூபாய். வாங்கிக்கொண்டு நேரே இல்லத்துக்குப் போனேன். மேனேஜர் பூட்டை இரண்டு கையிலும் வாங்கிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். "ஒரு ரூமுக்குப் போட்டா எல்லாரும் கேப்பாங்க சார். ட்ரஸ்டி மீட்டிங்ல வைக்கிறேன்" என்றார்.

மீட்டிங் இன்னும் கூடவில்லை. பூட்டு என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், ரெயின் கோட்டோடு சேர்ந்து கிடக்கிறது. அத்தை அதற்குள் தானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டுவிட்டார். ராத்திரி விளக்கை அணைக்குமுன் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு, அதன் விளிம்பில் இரண்டு எவர்சில்வர் டம்ளரை வைத்துவிடுகிறார். கதவு அசைந்தால் விழும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். "அடுத்த வாரம் வரும்போது வீட்டுல பாட்டியோட பித்தளைச் சொம்பு இருக்கு பாரு, அதைக் கொண்டு வா. நேத்து டம்ளர் ரெண்டும் கீழே விழுந்து கிடந்தது. எப்ப விழுந்துதுன்னு எனக்குக் கேக்கவே இல்லை."